இடம்புரி

கைப்பிடியைச் சுற்றினால்
அரைச் சுற்றுக்கு ஒன்றும் நடப்பதில்லை.
பிறகு திடுக்கென்று நகர்கிறது வெட்டுளி,
கடன் கேட்க வந்தவன் வாசலில் நின்று நின்று
ஒரேயடியாய் உள்ளே நுழைவதுபோல்.

குறுக்குத் தட்டைக் கழற்றி நட்டை வெளியே எடுத்தேன்.
உள்ளே புரி கத்தி முனையாய் மெலிந்திருந்தது,
இரண்டு இடத்தில் இல்லவே இல்லை.
சக்கில் அருமைத்துரையின் பேக்கரி உருளை
பாதி கடைந்தபடி.
"வெள்ளிக்கிழமைக்குள்ள, தங்கச்சி."
காலையிலிருந்து இரண்டு தரம் போன்.

பக்கத்துப் பட்டறைக் கித்சிரி எட்டிப் பார்த்தான்.
"உருக்கிலயே செய்து போடு,
உன் ஆயுசுக்கும் நிற்கும்."
நட் நிற்கும். திருகு?
உருக்கும் உருக்கும் உரசினால்
இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.
திருகு என் முழங்கை நீளம்,
செய்த கொம்பனி இன்று இல்லை.
நட் உள்ளங்கைக்குள் அடங்கும்.
எது தேயவேண்டும் என்று
யாராவது ஒருவர் முடிவெடுக்கவேண்டும்.
கிராண்ட்பாஸில், இந்தக் கூரைக்குக் கீழே,
அது நான்.

பஞ்சிகாவத்தையில் முனவ்வரின் கடை.
பழைய தண்ணீர்ப் பம்பின் வயிறு ஒன்று, வார்ப்பிரும்பு:
தன் எண்ணெயைத் தானே கொண்டுவரும்,
ஆனால் மெல்லிய புரியில் ஓரம் உதிரும்.
பித்தளைக் கம்பி. பளபளப்பு. இரண்டு வருசம்.
பிறகு மேசைக்கடியிலிருந்து
முகத்துவாரத்தில் உடைத்த இழுவைப் படகின்
தண்டுப் புஷ் ஒன்றை உருட்டிவிட்டார்.
"வெண்கலம். கிலோ ஐயாயிரம்."
முனவ்வருக்கு எல்லாமே வெண்கலம்.

கைப்பையில் அரம் வைத்திருக்கிறேன்.
கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஒருதரம்
பொலிஸ்காரி அதை எடுத்து
என் முகத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள்.
பச்சைக் களிம்புக்குக் கீழே மூன்று இழுப்பு.
மஞ்சள் இல்லை.
செவ்விளநீர்த் தோல் வாடும்போது வரும் நிறம்.
விரலில் உப்பு.
ஒரு கிலோ முந்நூறு. ஆறாயிரத்துக்கு முடித்தோம்.

கடற்கரையில் வலம்புரி கிடைத்தவனுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள்.
பட்டறையில் மறுவளம்:
வலம்புரித் திருகு எந்தப் பெட்டியிலும் கிடக்கும்.
என்னுடையது இடம்புரி.
அந்தப் புரி வெட்டும் டாப்பைப்
பழைய சோனகத் தெரு முழுக்கக் கேட்டேன்.
ஒரு பெடியன் சிரித்தான், மற்றவன்
"இருந்தது" என்றான், அது இன்னும் மோசம்.

லேத்தில்தான் வெட்டவேண்டும்.
லேத்துக்கு நட் இல்லை.

கடைசிக் கடையில்
வெள்ளை அசெற்றல் கட்டி ஒன்று,
இறைச்சிக் கடைப் பலகையின் ஓரம்போல, எழுநூறு ரூபாய்.
இரண்டாய்ப் பிளந்து
திருகைச் சூடாக்கி நடுவில் வைத்து
வைஸில் இறுக்கினேன்.
கண்ணை எரிக்கும் புகை. கதவைத் திறந்தேன்.
தெருவில் ஓட்டோக்காரன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு
என்ன சமைக்கிறாய் என்றான்.
ஆறும்வரை தொடவில்லை. தொடாமலிருப்பதுதான் கஷ்டம்.

பூட்டினேன்.
கைப்பிடி மயிரளவு திரும்ப
வெட்டுளி மயிரளவு நகர்ந்தது.

சக்கிலிருந்து இறக்கினால் மையம் போகும்,
அதனால் முதலில் உருளை.
வியாழன் இரவு ஒன்பதுக்கு
அருமைத்துரை அதை மாவைத் தடவுவதுபோல் தடவினார்,
காசை எண்ணினார்,
நட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்.

பிறகு வெண்கலத்தை ஏற்றினேன்.
அதன் சீவல் சுருள்வதில்லை, சிதறும்,
சட்டைக் கழுத்துக்குள் சுடச்சுட.
துளை மட்டும் போட்டேன். பதினொன்றானது.

அது இப்போது லாச்சிக்குள் கிடக்கிறது, புரியில்லாமல்.
"எப்ப போடப்போற?" என்கிறான் கித்சிரி.
வெள்ளைக் கட்டி தேய்ந்தால் சத்தம் எப்படியிருக்கும்
என்று எனக்கு இன்னும் தெரியாது.
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் புத்தகத்தில் அந்த ஆறாயிரத்தைப்
பழுது என்று எழுதினேன்.
வெட்டிவிட்டு
இருப்பு என்று எழுதினேன்.